பள்ளத்தாக்கின் விளிம்பில்

நுழையும்முன்

நல்லதொரு நிலக்காட்சிப் படத்தைக் காண்போர், அதன் பின்னுள்ள பயணத்தை அறிவதில்லை. அத்தகைய பயணம் ஒன்றை இப்பாடம் விளக்குகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்து உருவாக்கிய கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 446 கி.மீ. நீளமுடையது. 1919இல் தேசியப் பூங்காவான இதன் வடவிளிம்பில் டோரோவீப் என்னும் காட்சிமுனை உள்ளது. அதனை அடைய ஏறத்தாழ 100 கி.மீ. மண்சாலையில் செல்ல வேண்டும். வழியில் குடிநீர், உணவு, எரிபொருள் எவையும் கிடைக்கா. இறுதிப் பகுதியில் கூரிய கற்கள் டயர்களைக் கிழித்துவிடும். ஆதலால், மாற்றுச் சக்கரமும் போதிய நீரும் இன்றி எவரும் புறப்படலாகாது. விடியலைப் படம்பிடிக்க விரும்புவோர் முன்அனுமதி பெற்று அங்கேயே முகாமில் தங்குவர்.

பாறை விளிம்பிலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத்தில் ஆறு ஓடுகிறது. நண்பகல் ஒளியில் பாறையடுக்குகள் தட்டையாகத் தோன்றும். விடியலின் சாய்வொளியில் நிழல் விழுந்து, அவை தனித்தனியே புலப்படும். அவ்வேளையில் வானம் ஒளிர, ஆழம் இருண்டிருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் தெளிவுறப் பதிதல் அரிது. எனவே, கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெவ்வேறு ஒளியளவில் பல படங்களை எடுத்துப் பின்னர் இணைப்பர்.

விளிம்பில் பெரும்பாலும் தடுப்புவேலி இல்லை. கேமராவினூடே பார்த்தபடி வைக்கும் ஓரடியும் உயிரைப் பறிக்கலாம். நின்ற பின்னரே நோக்குதல் வேண்டும். நோக்கியவாறு நடத்தல் கூடாது. மேகம் மறைத்தால், படமின்றித் திரும்பவும் மனம் பழகுதல் வேண்டும். பல கோடி ஆண்டுகள் நிலைத்த பாறை மறுநாளும் அங்கேயே இருக்கும். அதனைக் காண்பதற்கு நாமும் இருத்தல் வேண்டுமன்றோ?