மழித்தால் மீசை அடர்ந்து வளருமா?

தைப்பூசம் முடிந்த வாரத்தில் செந்தூல் வட்டாரப் பள்ளிகளில் மொட்டைத் தலைகள் சில கண்ணில் படும். பத்துமலையில் முடிகாணிக்கை செலுத்திவிட்டு, தலையில் சந்தனம் பூசி வந்த மாணவர்கள் அவர்கள். “இனிமே பாருடா, அடர்த்தியா வளரும்” என்று நண்பர்கள் தேற்றுவார்கள். இதே நம்பிக்கைதான் இரண்டாம் படிவ மாணவனை அப்பாவின் சவரக்கத்தியை எடுக்க வைக்கிறது. மேலுதட்டில் பூனைமுடி மட்டும் இருக்கிறது. நாலு முறை மழித்தால் மீசையாகிவிடும் என்று எண்ணுகிறான்.

இது உண்மையா? அறிவியல் முறையிலேயே பார்ப்போம்.

வேர் எங்கே இருக்கிறது?

நீங்கள் சீவி அழகுபார்க்கும் முடி முழுவதும் இறந்த பொருள். கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் நரம்பு இல்லை, இரத்தம் இல்லை. அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால். அங்கே செல்கள் பிரிந்து பெருகி, பழைய செல்களை மேலே தள்ளுகின்றன. தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் மயிர்க்கால்கள் உண்டு. தலைமுடி மாதத்திற்குச் சுமார் 1 செண்டிமீட்டர் வளர்கிறது.

சவரக்கத்தி தோலின் மேலே இருக்கும் இறந்த தண்டைத்தான் வெட்டுகிறது. மேலே வெட்டு விழுந்த செய்தி கீழே மயிர்க்காலுக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

சோதித்துப் பார்த்தவர்கள்

1928-ஆம் ஆண்டில் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் இதை ஆராய்ந்தார். ஆண்கள் சிலரை ஒரே முறையில் முகம் மழிக்கச் செய்து, அந்த முடிகளை நுண்ணோக்கியில் அளந்தார். முடி தடிக்கவும் இல்லை, வேகமாக வளரவும் இல்லை.

1970-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், ஐந்து இளைஞர்கள் பல மாதங்கள் வாரந்தோறும் ஒரு காலை மட்டும் மழித்தார்கள். மறு காலைத் தொடவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? இங்கே மழிப்பது தற்சார்பு மாறி. முடியின் தடிமனும் வளரும் வேகமும் சார்பு மாறிகள். ஒரே ஆளின் இரு கால்கள் என்பதால் உணவு, வயது, பரம்பரை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. முடிவில் இரு கால்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

பிறகு ஏன் மழித்த இடம் சொரசொரப்பாகவும் கருமையாகவும் தெரிகிறது? இயற்கையாக வளரும் முடியின் நுனி ஊசிபோல் மெலிந்திருக்கும். மழித்தபின் வெளிவருவது நடுவில் வெட்டப்பட்ட மொட்டை முனை. மூங்கிலின் நுனிக்கும் அடிவெட்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இன்னொரு காரணமும் உண்டு. பையன்கள் மழிக்கத் தொடங்குவது 14, 15 வயதில். ஆண் ஹார்மோன் பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றுவதும் அதே வயதில்தான். கத்தி தொடாவிட்டாலும் அந்த மீசை வந்திருக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே முதலாவது காரணமாகிவிடாது. இந்தப் பாடம் மீசைக்கு மட்டும் உரியதல்ல.

மீசை எப்போது வரும், தாடி எவ்வளவு அடரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது. பலருக்குத் தாடி முழுமையாவது 20 வயதைத் தாண்டித்தான். வகுப்பில் ஒருவனுக்கு அடர்ந்த மீசையும் பக்கத்தில் இருப்பவனுக்கு வழுவழுப்பான முகமும் இருந்தால் இருவருமே நலமாகத்தான் இருக்கிறார்கள். அதை வைத்துக் கேலி செய்பவனுக்கு உயிரியல் தெரியவில்லை என்று பொருள். இணையத்தில் விற்கும் மினோக்சிடிலை வாங்கித் தாடியில் தடவ வேண்டாம். இரத்த அழுத்த மருந்தாகத் தொடங்கிய அது, பெரியவர்களின் தலை வழுக்கைக்கு உரியது; 18 வயதுக்குட்பட்டோருக்கு உரியதல்ல.

கவனம் தேவைப்படுவது தோலுக்கு

இறந்த முடிக்குச் செலவழிக்கும் நாம், உயிருள்ள தோலை மறந்துவிடுகிறோம். பருவ வயதில் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளையும் தூண்டிவிடுகிறது. எல்லார் தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை இந்த எண்ணெயை உண்டு, எரிச்சலூட்டும் கொழுப்பு அமிலங்களை விடுகிறது. அதைத் தாங்காத தலைகளில் தோல் உரிகிறது. அதுதான் பொடுகு. தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் புரத இழப்பைக் குறைக்கும். ஆனால் பொடுகைப் போக்காது. கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பூ போட்டால் உடனே அலசாமல் 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். நெற்றியோரம் சிறு பருக்கள் வரிசையாக வந்தால், முதலில் தலையில் பூசும் களிம்பை நிறுத்திப் பாருங்கள். அது மயிர்க்கால்களை அடைக்கக்கூடும்.

‘ஃபேட்’ வெட்டுக்குப் பின் பிடரியை பிளேடால் ஒட்ட மழிப்பது இப்போது வழக்கம். சுருள்முடி உள்ளவர்களுக்கு அந்தக் கூரிய முனை வளைந்து மீண்டும் தோலுக்குள் குத்தி, கொப்புளமாகும். கொப்புளத்தைக் கிள்ளினால் தழும்பாகலாம். அப்படி வருபவர்கள் பிளேடைத் தவிர்த்து, மெஷினால் சற்றே விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

பிளேடில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி இரத்தமே போதும். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இதன் தடுப்பூசி போடப்படுகிறது. ஆனால் ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே இல்லை. ஆகவே முடிதிருத்தும் நிலையத்தில் கூச்சப்படாமல், “அண்ணே, புது பிளேடு போடுங்க” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் உங்கள் கண்முன்னே பிரித்துப் போடுவார். வீட்டில் அண்ணன் தம்பியும் ஒரே சவரக்கத்தியைப் பகிரக் கூடாது.

விடுமுறையில் முடிக்கு நிறம் ஏற்றுபவர்களுக்கும் ஒரு சொல். வெளுப்பான் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. மெலனினைச் சிதைக்கும்போது கெராட்டினின் பிணைப்புகளையும் உடைக்கிறது. இறந்த முடி தன்னைச் சரிசெய்துகொள்ளாது. புதிது வளர்ந்து வந்தால்தான் உண்டு. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா-ஃபினிலின்டையமின் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் தொடரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய சாயப் பெட்டிகளில், 16 வயதுக்குட்பட்டோருக்கு உரியதல்ல என்று அச்சிட்டாக வேண்டும்.

செய்து பாருங்கள்

கையில் வெட்டப்படாத முடி ஒன்றையும், முடிதிருத்தியபின் சட்டையில் ஒட்டிய முடித்துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கியில் இரண்டின் முனைகளையும் பாருங்கள், வரையுங்கள். எது மெலிந்தது, எது மொட்டையானது? பிறகு, “மழித்தால் அடர்த்தியாக வளரும்” என்று சொல்லும் நண்பனையும் அழைத்துக் காட்டுங்கள். வாதம் வேண்டாம். அவனே பார்க்கட்டும்.