கட்டியால் வரும் செங்கமாரியும் பித்தக்குழாய் அழற்சியும்

செங்கமாரி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கீழ்க்காய்நெல்லியும் பத்தியச் சாப்பாடும்தான். வைரசு தொற்றி வரும் செங்கமாரி பல வேளைகளில் தானாகவே மாறிவிடும். பெயர் மூலிகைக்குப் போய்விடும். ஆனால் கணையத்திலோ பித்தக்குழாயிலோ வளர்ந்த கட்டி பாதையை அடைத்து வருகின்ற செங்கமாரி அப்படி மாறாது. கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகி, மலம் வெளிறி, உடம்பெல்லாம் கடித்தால், நோ இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வயதானவர்களுக்கு நோவில்லாமல் வரும் செங்கமாரியே எங்களுக்குக் கூடுதல் கவலை தருவது.

ஓடாத வாய்க்காலில் பாசி பிடிப்பதுபோல, தேங்கிய பித்தத்தில் குடலிலுள்ள பக்டீரியாக்கள் ஏறிப் பெருகுகின்றன. பித்தக்குழாய் அழற்சியடைகிறது. அடைப்பினால் குழாயினுள் அழுத்தம் கூடும்போது கிருமிகள் இரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்திலேயே உயிராபத்தைத் தரலாம். அன்ரிபயோற்றிக் மருந்து தேவைதான். ஆனால் அடைப்பை நீக்கிப் பித்தத்தை வடியவிடாமல் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. பித்தம் குடலுக்கு வராததால் விற்றமின் கே உடலில் சேர்வதும் குறைந்து இரத்தம் உறைவது தாமதமாகும். அதற்காகவே சிலருக்கு முன்கூட்டியே அந்த ஊசி போடுகிறார்கள்.

வாய்வழியாகக் கமராக் குழாயை இறக்கி, அடைபட்ட இடத்தில் 'ஸ்டென்ட்' எனும் சிறு குழாயை வைப்பதே வழமையான முறை. இதற்கும் ஒரு விலை உண்டு. கணையத்தில் புதிதாக அழற்சி ஏற்படலாம். அதைக் குறைக்க மலவாசல் வழியாக இன்டோமெதசின் கொடுக்கலாம் என்று 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது: அபாயம் கூடிய நோயாளரில் இவ்வழற்சி 16.9 வீதத்திலிருந்து 9.2 வீதமாகக் குறைந்தது.

சத்திரசிகிச்சை செய்யக்கூடிய நிலையிலுள்ள எல்லோருக்கும் முதலில் ஸ்டென்ட் வேண்டுமா? 2010இல் நெதர்லாந்து வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், கணையத் தலைக் கட்டியுள்ளவர்களில் முதலில் வடியவிட்டவர்களில் 74 வீதத்தினருக்கும், நேரே சத்திரசிகிச்சைக்குச் சென்றவர்களில் 39 வீதத்தினருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்தன. எனவே காய்ச்சலோ மிகக் கடுமையான மஞ்சளோ இல்லாமல், சத்திரசிகிச்சைத் திகதியும் கிட்டவாக இருந்தால், "இது இப்போது தேவையா?" என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை. நம்மவர்கள் கேட்கத் தயங்குகிறோம்!

பிளாஸ்ரிக் ஸ்டென்ட் ஏறத்தாழ 3 மாதங்களில் அடைபடத் தொடங்கும். உலோகத்திலானது கூடிய காலம் நிற்கும். எது வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்பதைத் திகதியோடு எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். கடையில் வாங்கும் இபுப்ரோஃபென் போன்ற நோக் குளிசைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்நோயாளரின் சிறுநீரகம் இலகுவில் பாதிக்கப்படும்.

ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தாலோ, மீண்டும் கண் மஞ்சளானாலோ, பேச்சு தடுமாறினாலோ குடும்ப வைத்தியரின் சந்திப்புக்குக் காத்திராமல், இரவென்றாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் வார்த்தையாகவே "பித்தக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது" என்று சொல்லுங்கள். மொழி தெரியாத பெற்றோராயின், இதை அந்நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதி அவர்களின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.