கேப்டன் ஏன் இன்டர்னாகப் போக வேண்டும்?

கேள்வி: என் மகள் அமெரிக்க ராணுவத்தின் ‘ஜாக்’ சட்டப் பிரிவில் கேப்டன். அடுத்த வருடம் பணியிலிருந்து வெளியே வருகிறாள். கடைசி சில மாதங்கள் மத்திய நீதித்துறையின் சிவில் உரிமைப் பிரிவில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் செய்யப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் வழக்காடியவள் கல்லூரிப் பிள்ளை மாதிரி இன்டர்னாகப் போவதா? வீட்டுக்கடன் வேறு இருக்கிறது. ராணுவத்தில் இருந்துகொண்டே இன்னொரு இடத்தில் வேலை செய்ய சட்டம் விடுமா?
– ஒரு தாய், நியூஜெர்சி

பதில்: கடன் தவணையைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. நீதித்துறை உங்கள் மகளுக்குச் சம்பளம் தராது, ராணுவம் தரும். ‘ஸ்கில்பிரிட்ஜ்’ என்ற திட்டத்தின் கீழ், பணிக்காலத்தின் கடைசி 180 நாட்களுக்குள் ஒருவர் வெளி நிறுவனத்திலோ அரசு அலுவலகத்திலோ பயிற்சி பெறலாம். அந்தக் காலத்திலும் அவர் ராணுவ அதிகாரிதான். சம்பளம், வீட்டுப்படி, மருத்துவ வசதி எல்லாம் தொடரும். வாஷிங்டனில் தங்கும் செலவும் போக்குவரத்தும் மட்டும் அவர் கையிலிருந்து போகும் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இதற்கான அதிகாரம் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 1143ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் இது கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல. அவருடைய கமாண்டர் ஒப்புதல் தர வேண்டும். படைப்பிரிவின் தேவை என்று சொல்லி அவர் மறுக்கலாம், நாட்களைக் குறைக்கலாம். பதவி உயர உயர அனுமதிக்கும் காலம் சுருங்குவதும் உண்டு. ‘சரி, பார்க்கலாம்’ என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி யாரும் வாடகை வீட்டைக் காலி செய்யக் கூடாது. கையெழுத்தான ஒப்புதல் வேண்டும். பணி முடிய ஒரு வருடம் இருக்கும்போதே உங்கள் மகள் பேச்சைத் தொடங்கட்டும்.

இன்டர்ன் என்ற பெயர் உங்களை உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை. 1957ஆம் ஆண்டு சட்டத்தால் பிறந்த அந்தச் சிவில் உரிமைப் பிரிவு, வாக்குரிமை, வீட்டு வாடகையில் பாகுபாடு, வேலையில் பாகுபாடு ஆகியவற்றோடு படைவீரர்களின் உரிமைகளுக்காகவும் வழக்குத் தொடுக்கிறது. பணியில் சேருமுன் வாங்கிய கடனுக்கு, பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம் சொல்கிறது. கூடுதல் வட்டி தள்ளிப்போவதில்லை, தள்ளுபடியே ஆகிறது. சேருமுன் முன்பணம் கட்டி வாங்கிய காரை நீதிமன்ற ஆணையில்லாமல் பறிமுதல் செய்யவும் முடியாது. ரிசர்வ் பணிக்குப் போய்த் திரும்பியவரை மறுபடி வேலையில் சேர்க்க மறுக்கும் முதலாளி மீது 1994ஆம் ஆண்டின் மறுவேலைச் சட்டம் பாய்கிறது. இப்படிக் கார் பறிபோன, வேலை பறிபோன வீரர்கள் முதலில் வந்து நிற்பது ஜாக் சட்ட உதவி அலுவலகத்தின் வாசலில்தான். உங்கள் மகள் அங்கே இருந்திருந்தால், பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்டவர் அவர். ஒரு சிப்பாய்க்காகக் கடிதம் எழுதியவர், நூற்றுக்கணக்கானவர்களுக்காக அரசின் பெயரில் வழக்கு நடக்கும் இடத்துக்குப் போகிறார். இதில் எந்த இறக்கமும் இல்லை.

இனி, அவர் கவனிக்க வேண்டிய தடைகள். பணியிலிருக்கும் அதிகாரி, அமெரிக்க அரசு ஒரு தரப்பாக உள்ள விவகாரத்தில் வேறொருவருக்காக அரசு முன் வாதாடுவது குற்றம் (18ஆம் தலைப்பு, 203, 205ஆம் பிரிவுகள்). நீதித்துறையில் அவர் அரசின் பக்கமே வேலை செய்வதால் இது பெரிய இடைஞ்சல் ஆகாது. மனம் மாறி ஒரு தனியார் உரிமை அமைப்புக்குப் போனால் பெரிதாகவே இடிக்கும். விடுப்பில் இருக்கிறேன் என்பதால் அந்தத் தடை நீங்காது. ராணுவத்தின் நெறிமுறை ஆலோசகரிடம் எழுத்து மூலமாகக் கருத்து வாங்கிய பிறகே இடத்தை உறுதி செய்ய வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு. பணி முடிவில் எடுக்கும் டெர்மினல் லீவில், மத்திய அரசின் சிவில் வேலையில் சேர்ந்து இரண்டு சம்பளமும் வாங்கலாம். 5ஆம் தலைப்பு, 5534அ பிரிவு இதை அனுமதிக்கிறது. பயிற்சி முடிந்து அங்கேயே வேலை கிடைத்தால், சேமித்த விடுப்பு அப்போது கைகொடுக்கும்.

கிடைத்தால் என்றுதான் சொல்கிறேன். பயிற்சி வேலைக்கு உத்தரவாதம் அல்ல. வழக்கறிஞர் நியமனத்தில் முன்னாள் படைவீரருக்கான முன்னுரிமை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் மற்ற மத்திய வேலைகளில் உள்ளதுபோல் மதிப்பெண் சேர்ப்பு முறை இதில் இல்லை. அத்துடன், 2025 முதல் சிவில் உரிமைப் பிரிவின் முன்னுரிமைகள் பெரிதும் மாறின, அனுபவசாலிகள் பலர் விலகினர். எந்தப் பகுதியில், யார் மேற்பார்வையில், எவ்வகை வழக்குகளில் வேலை என்பதை அவர் நேரடியாகக் கேட்டறிய வேண்டும். வழக்குக் கோப்புகளை ஆராய்ந்து சாட்சிகளிடம் பேச விடுவார்களா, படி எடுக்க மட்டும் விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். சம வேலைவாய்ப்பு ஆணையம், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகங்களின் சிவில் உரிமைப் பிரிவுகள் ஆகியவற்றையும் கூடவே விசாரிக்கட்டும். மாநில அலுவலகம் என்றால், அது ஸ்கில்பிரிட்ஜின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.