எடை தூக்கும்போது சத்தம் போடலாமா?

கேள்வி: உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குவோர் உரக்க முனகுவதும் எடைகளைத் தரையில் போடுவதும் முறையா?

பதில்: முனகல் அனைத்தையும் நாகரிகக் குறைவென ஒதுக்கிவிட முடியாது. பெரும் எடையைத் தூக்குபவர் மூச்சை உள்ளிழுத்து, குரல்வளையை மூடி, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது, வல்சால்வா முறை எனப்படும் அச்செயலால் வயிற்றறையின் அழுத்தம் கூடி முதுகெலும்பு உறுதிபெறுகிறது. அடைபட்ட காற்று கசிந்து வெளியேறுகையில் எழும் ஒலியே முனகல். (இரத்த அழுத்தமும் சட்டென உயரும் என்பதால் இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்பது நன்று.) சிறிய டம்பெல்லுக்கும் கூரை அதிரக் கத்துவோருக்கு இவ்விளக்கம் பொருந்தாது. அமெரிக்காவின் பிளானட் ஃபிட்னஸ் கூடங்களில் இத்தகையோருக்கு எதிராகச் சங்கை அலறவிடுவது, சத்தத்தைப் பெருஞ்சத்தத்தால் அடக்கும் விந்தை.

எடையைப் போடுவது வேறு. ஒலிம்பிக் பளுதூக்குதலில், நடுவரின் சைகைக்குப் பின் தோள்மட்டத்துக்குக் கீழே இறங்கிய தண்டைக் கைவிடலாம். ரப்பர் உறையிட்ட தட்டுகளும் மேடையும் அதற்கெனவே அமைந்தவை. பவர்லிஃப்டிங்கின் டெட்லிஃப்டில், அதாவது தரையிலுள்ள தண்டைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் பிரிவில், இரு கைகளாலும் கட்டுப்படுத்தி இறக்காவிடில் அம்முயற்சியே செல்லாது. இரும்புத் தட்டுகளும் ஓடு பதித்த தளமும் உள்ள சாதாரணக் கூடத்துக்கு இரண்டாம் விதியே உரியது.