ஆறு வரி நிரலும் 55 ரூபாய்த் தண்டமும்

கணினிக் கழகத்தில் தரம் 10 தங்கைகளுக்குப் பைதன் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு இவ்வருடம் எனக்குக் கிடைத்தது. வெறுந்திரையைக் காட்டி “எழுதுங்கள்” என்றால் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே ஆறு வரி நிரலொன்றை எழுதிக் கொடுத்தேன். நூலகப் புத்தகம் எத்தனை நாள் பிந்தியது என்று கேட்டு, நாளுக்கு 2 ரூபாய் வீதம் தண்டப்பணத்தைச் சொல்லும் நிரல் அது. புத்தகத்தின் பெயரையும் கேட்டுக் காட்டும்படி அதை வளர்ப்பதே அவர்களுக்கான வேலை.

சற்று நேரத்தில் ஒரு தங்கை அழைத்தாள். “ராத்தா, 5 நாளுக்கு 55 ரூபா எண்டு காட்டுதே!”

பார்த்தேன். பெயரைக் கேட்கும் வரியைச் சரியாகவே சேர்த்திருந்தாள். அதற்கு ‘இன்ட்’ தேவைப்படவில்லை. அப்படியானால் நாட்களைக் கேட்கும் வரிக்கும் வேண்டாம்தானே என்று அதையும் அழித்துவிட்டாள். ‘இன்புட்’ எதை வாங்கினாலும் எழுத்தாகவே தரும். அதை முழு எண்ணாக மாற்றுவது ‘இன்ட்’. பைதனில் எழுத்தை 2ஆல் பெருக்கினால் அது இருமுறை எழுதப்படும். 5 என்ற எழுத்து 55 ஆகும். வழுச் செய்தி எதுவும் வராது. அதுதான் பொல்லாதது.

தவறு அவளுடையதல்ல. நிரலைக் கொடுத்த நான், அதை வாசிக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் திரைகளை அணைத்துவிட்டு, அதே நிரலைத் தாளில் கொடுத்தேன். ஒவ்வொரு வரியும் என்ன செய்யும், 5 கொடுத்தால் என்ன வரும் என்று முதலில் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு இயக்கிப் பார்க்கலாம். அதன்பின் ஒரே ஒரு மாற்றம், மீண்டும் இயக்கம். புதிய வரி கடைசியில்தான். (பயன்படுத்து, மாற்று, ஆக்கு என்ற இந்த ஒழுங்கை 2011இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.)

“அடுத்தவங்க எழுதினதுல சேர்க்கிறது கொப்பியடிக்கிறது இல்லையா?” என்று ஒருத்தி கேட்டாள். ஒரு வரியைத் தொட்டு, “இது ஏன் இங்கே இருக்கிறது?” என்றேன். சொன்னாள். “அப்படியென்றால் இல்லை” என்றேன்.

இப்போது அந்த நிரலில் ஏழு வரிக்கு மேல் இருக்கிறது. ‘இன்ட்’ உள்ள வரிக்கு மேலே, 55 ரூபாய் கண்ட தங்கை ஒரு குறிப்புரை எழுதி வைத்திருக்கிறாள்: “இதை அழிக்க வேண்டாம். நான் அழித்துப் பார்த்தேன்.”