கடலுக்குப் போகவிருந்த நீர்

கேள்வி: பார்சிலோனாவில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறார்களாமே, உண்மையா?

பதில்: குழாயிலிருந்து நேராக அல்ல, ஆற்றின் வழியாக. பார்சிலோனாவை ஒட்டிய எல் பிராட் என்ற கடலோர ஊரில், யோப்ரெகாட் ஆற்றின் முகத்துவாரம் அருகே பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வறட்சி முற்றி, 2024 பிப்ரவரியில் கட்டலோனிய அரசு அவசரநிலை அறிவித்தபோது, அணைகளில் கொள்ளளவில் 16 சதவீதத்துக்கும் குறைவான நீரே மிஞ்சியிருந்தது. அந்த நெருக்கடியில், கடலில் விட்டிருக்க வேண்டிய நீரை மேலும் தூய்மையாக்கி, பல கிலோமீட்டர் மேலே ஏற்றி ஆற்றில் விட்டார்கள். ஆற்றுநீரோடு கலந்து வந்ததைக் கீழே உள்ள குடிநீர் நிலையம் எடுத்து மறுபடி சுத்திகரித்தது. முகம் சுளிக்க ஒன்றுமில்லை. ஆற்றங்கரை ஊர்கள் பலவும் மேலூரின் கழிவு கலந்த நீரைத்தானே குடிக்கின்றன? இங்கே அதைத் திட்டமிட்டு, சோதித்துச் செய்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொரு வேலை. அதே கழிமுகத்தில் சுத்திகரித்த நீரைக் கிணறுகள் வழியே பூமிக்குள் செலுத்தி, கடலின் உப்பு நிலத்தடி நீருக்குள் ஊடுருவாமல் தடுத்தார்கள்.

பாசனத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துவதற்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் தர விதிகள் 2023 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ளன. மத்தியதரைக் கடலோரத்தில் தண்ணீருக்குத் தவிக்கும் கோடையில்தான் சுற்றுலாப் பயணிகளும் குவிகிறார்கள்; கழிவுநீரும் பெருகுகிறது. அதை வீணாக்குவது பெரும் பிழை. உப்புதான் சிக்கல். கரையோரச் சாக்கடைக் குழாய்களில் கடல்நீர் கசிந்துவிட்டால், உப்பைப் பிரித்தெடுக்க மின்சாரம் நிறைய ஆகும். சிறிய ஊராட்சிகளுக்கு அரசு உதவியில்லாமல் அது கட்டுப்படியாகாது.