எளிய பொருளின் எழில்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ளது வடக்குப்பட்டு என்னும் சிற்றூர். பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த அவ்வட்டாரத்தில், 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் நிலத்தை அகழ்ந்தனர். கற்கருவிகளும் மணிகளும் பானையோடுகளும் வெளிப்பட்டன. பானையோடு என்பது யாது? என்றோ ஒருவர் நாள்தோறும் கையாண்ட கலத்தின் சிதைவன்றோ! சுட்ட மண்ணாதலின் அது நிலத்துள் நிலைத்தது. கூடை, கயிறு, ஓலை விசிறி முதலியனவோ மக்கி மறைவன. நிலம் காவாத இப்பொருள்களை நம் கண்முன் நிறுத்த வல்லது ஓவியம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதனை அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் தஞ்சை ஓவியர் பலர், தாளின்மேல் நீர்வண்ணத்தால் தொழிலாளரை வரைந்தனர். ஆங்கிலேயர் அவற்றை விரும்பி வாங்கினர். கணவனும் மனைவியும் தம் தொழிற்கருவிகளோடு நிற்கும் காட்சியே அவற்றுட் பல. வரைந்தவர் தம் பெயரைப் பெரும்பாலும் பொறித்திலர். ஆயினும் அவர்தம் படங்கள் இன்றும் இலண்டன் அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன.

எளிய பொருளின் அழகைப் பிறநாட்டாரும் போற்றினர். செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 1503-இல் ஒரு புற்கற்றையை நீர்வண்ணத்தில் தீட்டினார். காலால் மிதித்துச் செல்லும் புல், அவர் கண்ணுக்குக் காவியப் பொருளாயிற்று.

வண்ணத்தை நீரிற் கரைத்து மெல்லிதாகத் தீட்டும் முறைக்கு ஒரு தனியியல்பு உண்டு. அடியிலுள்ள தாள் வண்ணத்தினூடே ஒளிரும். வெண்மை வேண்டுமிடத்தில் ஓவியன் எதனையும் பூசான்; தாளை வெறிதே விடுவான். தவறிப் பூசியதை மறைத்தலும் எளிதன்று. ஆதலின் எங்கே தீட்டுவது, எங்கே விடுவது என்பதை முன்னரே உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு, பொருளை நெடிது நோக்குவார்க்கே வாய்க்கும். நீர்வண்ண ஓவியத்தின் அமைதி அந்நோக்கில் பிறந்ததே.

மாணவர்களே! உங்கள் அடுக்களையில் உள்ள பித்தளைச் செம்பை ஒருநாள் காலையில் உற்று நோக்குங்கள். அதன் விளிம்பில் ஒளி எங்கே படிகிறது? நிழல் எப்பக்கம் சாய்கிறது? முறத்தின் பின்னல் எவ்வாறு அமைந்துள்ளது? கண்டதைத் தாளில் வரைந்து பாருங்கள். படம் செவ்வையாக அமையாவிடினும் குற்றமில்லை. அச்செம்பை நாள்தோறும் துலக்கும் கையையும், அம்முறத்தைப் பின்னிய கையையும் அன்று முதல் மதிக்கத் தொடங்குவீர்கள். நாளை அவை வழக்கொழிந்து போயினும், உங்கள் ஓவியம் அவற்றிற்குச் சான்றாய் நிற்கும்.